தான் தொடங்கிய நாளையே நிறுத்தப் போராடிய மகள்: அன்னா ஜார்விஸ்

மே மாதம் பிறந்ததும் ரவுண்ட் ராக்கில் கடை வாசல்கள் பூக்களால் நிறைந்துவிடும். வாளி வாளியாக ரோஜாவும் கார்னேஷனும். பக்கத்திலேயே வாழ்த்து அட்டைகள், சொக்லேட் பெட்டிகள். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வண்ணக் கடதாசியில் வெட்டி ஒட்டிய அட்டையோடு வருவார்கள். இரண்டாம் ஞாயிறு காலையில் நாம் ஊருக்குத் தொலைபேசி எடுப்போம். பிற்பகல் ஒன்றரை மணியைத் தாண்டிவிட்டால் யாழ்ப்பாணத்தில் திங்கட்கிழமை பிறந்துவிடும். அதனால் சமையலை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அம்மாவோடு பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கம்.

எங்கள் அம்மாமார் தங்கள் அம்மாமாருக்கு இப்படி ஒரு நாளைக் கொண்டாடியதில்லை. அதனால் இது வியாபாரிகள் பூ விற்பதற்காகக் கண்டுபிடித்த நாள் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அன்னையர் தினம் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் பிறந்தது. அதைத் தொடங்கியவர் திருமணமாகாத, பிள்ளைகள் இல்லாத ஒரு பெண். அந்த நாள் நாடெங்கும் பரவுவதற்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்ட அவர், அதை வியாபாரிகளிடமிருந்து மீட்பதற்காக மேலும் பல ஆண்டுகளைச் செலவிட்டார். கடைசியில் அந்த நாளே வேண்டாம் என்று கையெழுத்துச் சேகரித்தார். அவர் பெயர் அன்னா ஜார்விஸ்.

அன்னாவின் கதையை அவருடைய தாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாயின் பெயர் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். 1832ஆம் ஆண்டு வேர்ஜினியாவில் ஒரு மெதடிஸ்த போதகரின் மகளாகப் பிறந்தவர். மெதடிஸ்த திருச்சபை எங்களுக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி எல்லாம் அந்தச் சபையின் மிஷனரிமார் தொடங்கியவை. ஈழத்துக்கு வந்தது இங்கிலாந்துக் கிளை. ஆன் ஜார்விஸ் இருந்தது அமெரிக்கக் கிளை. ஆனால் தேவாலயத்தோடு படிப்பையும் நோயாளர் பராமரிப்பையும் சேர்த்தே நடத்தும் பழக்கம் இரண்டு கிளைகளுக்கும் பொதுவானது.

ஆன் ஜார்விஸுக்குப் பிறந்த பிள்ளைகள் பத்துப் பேருக்கும் மேல். வளர்ந்து ஆளானவர்கள் நான்கு பேர் மட்டுமே. சின்னமுத்து, நெருப்புக்காய்ச்சல், தொண்டைக்கரப்பன் போன்ற நோய்கள் அந்த மலைநாட்டு ஊர்களில் வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. பிள்ளைகளை அடக்கம் செய்த தாய் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1858ஆம் ஆண்டு, அடுத்த பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டே, வெப்ஸ்டர், கிராஃப்டன், பிலிப்பி உள்ளிட்ட ஐந்து ஊர்களில் தாய்மாரின் வேலைச் சங்கங்களை அமைத்தார். வைத்தியரான அவருடைய சகோதரர் ஜேம்ஸ் ரீவ்ஸ் இதற்குத் துணை நின்றார். அந்தப் பெண்கள் மருந்துக்குப் பணம் திரட்டினார்கள். கசநோய் வந்த தாய்மாரின் வீடுகளில் வேலை செய்ய ஆள் அமர்த்தினார்கள். பாலும் உணவும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். குழந்தைகள் சாவது கடவுளின் சித்தம் என்று ஊர் நினைத்திருந்தபோது, அழுக்குத் தண்ணீரும் கெட்ட பாலும்தான் காரணம் என்று அந்தத் தாய்மார் எடுத்துச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகளில் போர் வந்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் அந்தப் பகுதியை இரண்டாகக் கிழித்தது. வேர்ஜினியா தெற்கோடு சேர்ந்தது. அதன் மேற்குப் பகுதி வடக்கோடு நின்று, 1863இல் மேற்கு வேர்ஜினியா என்ற தனி மாநிலமானது. ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே வீட்டில், ஒரு மகன் வடக்குப் படைக்கும் மறு மகன் தெற்குப் படைக்கும் போனார்கள். மெதடிஸ்த திருச்சபையே அடிமை முறைப் பிரச்சினையால் 1844இல் இரண்டாகப் பிரிந்திருந்தது. கிராஃப்டன் ரயில் பாதைகள் சந்திக்கும் ஊர். அதனால் படைகள் வருவதும் போவதுமாக இருந்தன.

அந்த நிலையில் ஆன் ஜார்விஸ் தன் சங்கங்களிடம் ஓர் உறுதி கேட்டார். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்றாலும் நோயுற்றவனுக்கு மருந்து, பசித்தவனுக்குச் சாப்பாடு. முகாம்களில் நெருப்புக்காய்ச்சலும் சின்னமுத்தும் பரவியபோது இந்தப் பெண்கள் இரு தரப்புப் பிள்ளைகளையும் பராமரித்தார்கள். போரின் நடுவே இப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடுவில் நிற்பவரை இரு பக்கமும் சந்தேகிக்கும்.

போர் 1865இல் முடிந்தது. பகை முடியவில்லை. எதிரெதிர்ப் படைகளில் இருந்தவர்கள் அதே தெருவுக்கும் அதே சந்தைக்கும் திரும்பி வந்திருந்தார்கள். 1868இல் ஆன் ஜார்விஸ் பிரண்டிடவுன் நீதிமன்றத்து முற்றத்தில் தாய்மார் நட்பு நாள் என்று ஒரு கூட்டத்தைக் கூட்டினார். இரு தரப்புச் சிப்பாய்களும் தங்கள் குடும்பங்களோடு வரவேண்டும் என்று அழைத்தார். துப்பாக்கிச் சண்டை வரும் என்று பலர் எச்சரித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. கூட்டம் அமைதியாக நடந்தது. அழுகையும் கைகுலுக்கலுமாக அது முடிந்தது என்று அந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அன்னா பிறந்தது 1864ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி, போர் நடந்துகொண்டிருந்தபோது. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கிராஃப்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1873இல் கட்டி முடிக்கப்பட்ட ஆண்ட்ரூஸ் மெதடிஸ்த தேவாலயத்தில் தாய் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு பாடசாலை நடத்தினார். 1876இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தில் வரும் தாய்மாரைப் பற்றிய பாடம். பாடத்தை முடித்து ஜெபம் செய்தபோது, தாய்மார் மனிதகுலத்துக்குச் செய்யும் சேவையை நினைவுகூர யாராவது ஒருநாள் ஒரு நாளை ஏற்படுத்த வேண்டும் என்று தாய் வேண்டிக்கொண்டாராம். வகுப்பில் இருந்த 12 வயது அன்னாவின் மனதில் அது அப்படியே பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

தாய்க்குக் கிடைக்காத படிப்பு மகளுக்குக் கிடைத்தது. வேர்ஜினியாவின் ஸ்டான்டன் நகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்துவிட்டுக் கிராஃப்டனுக்குத் திரும்பி ஆசிரியையாக வேலை செய்தார். பிறகு எல்லா இளையோரையும் போல ஊரை விட்டுப் புறப்பட்டார். டென்னசி மாநிலத்தில் மாமன் ஒருவரோடு தங்கி வங்கியில் காசாளராக இருந்தார். அதன்பின் பிலடெல்பியாவுக்குப் போய் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே விளம்பரப் பிரிவின் ஆசிரியராக உயர்ந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதற்பெண் அவர்தான்.

தாய் ஊரில், மகள் தூர நகரத்தில். இடையில் கடிதங்கள் மட்டும். ஊருக்கு வந்துவிடு என்று தாய் அழைப்பதும் இங்கே வந்துவிடுங்கள் என்று மகள் அழைப்பதுமாக ஆண்டுகள் போயின. 1902இன் கடைசியில் தந்தை காலமான பிறகுதான் தாய் பிலடெல்பியாவுக்கு வந்து பிள்ளைகளோடு இருந்தார். அதுவும் நீடிக்கவில்லை. 1905ஆம் ஆண்டு மே 9ஆம் திகதி ஆன் ஜார்விஸ் காலமானார். அடக்கத்தின்போது, அந்தப் பழைய ஜெபத்தை நிறைவேற்றுவேன் என்று அன்னா தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 41.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1908ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, இரண்டாம் ஞாயிறு, கிராஃப்டன் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் முதலாவது அன்னையர் தின ஆராதனை நடந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அன்னா அங்கே போகவில்லை. ஒரு தந்தி அனுப்பினார், கூடவே தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500. வந்தவர்களுக்கு அவை பகிரப்பட்டன. அதே நாள் பிற்பகல் பிலடெல்பியாவில், வானமேக்கர் என்ற பெரிய கடையின் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் அன்னா நேரில் பேசினார். ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தனர். மேற்கு வேர்ஜினியாவின் சிறு தேவாலயமும் பிலடெல்பியாவின் பெருங்கடையும் ஒரே நாளில் அன்னையர் தினத்தின் தொட்டிலாயின. பின்னால் வரப்போகும் சண்டையின் வித்தும் அந்த ஒரே நாளில்தான் விழுந்தது.

இதே 1908இல், கிராஃப்டனுக்கு அருகிலுள்ள ஃபேர்மான்ட் நகரின் இன்னொரு மெதடிஸ்த தேவாலயத்தில் தந்தையருக்கான ஓர் ஆராதனையும் நடந்தது. 1907 டிசெம்பரில் அருகே மொனோங்கா நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360க்கும் மேற்பட்டோர் மடிந்திருந்தார்கள். ஆயிரம் பிள்ளைகள் வரை தந்தையை இழந்தார்கள். அவர்கள் நினைவாக, கிரேஸ் கிளேட்டன் என்ற பெண் கேட்டுக்கொண்டபடி ஜூலை 5ஆம் திகதி அந்த ஆராதனை நடந்தது. ஆனால் அது அடுத்த ஆண்டு தொடரவில்லை. அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் அன்னா ஜார்விஸ் அங்கே இருக்கவில்லை.

அன்னா என்ன செய்தார்? கடிதம் எழுதினார். ஆளுநர்கள், செனட்டர்கள், போதகர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், கடை முதலாளிகள் என்று யாரையும் விடவில்லை. 1908இல் செனட் சபையில் இந்தத் தீர்மானம் வந்தபோது உறுப்பினர்கள் மாமன் மாமிக்கும் ஒரு நாள் வைத்துவிடலாமே என்ற தோரணையில் கேலி செய்து தள்ளிவைத்தார்கள். அன்னா ஓயவில்லை. 1910இல் மேற்கு வேர்ஜினியா ஆளுநர் அந்த நாளை அறிவித்தார். மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 1912இல் அன்னா வேலையை விட்டு இதற்காகவே ஒரு சர்வதேச சங்கத்தைப் பதிவு செய்தார். 1914 மே 9ஆம் திகதி அதிபர் வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறைத் தேசிய அன்னையர் தினமாகப் பிரகடனம் செய்தார். ஆன் ஜார்விஸ் காலமாகி அன்றோடு சரியாக ஒன்பது ஆண்டுகள்.

வெற்றி பெற்ற இடத்திலிருந்தே துன்பம் தொடங்கியது. பூ வியாபாரிகள் முதலில் அன்னாவின் நண்பர்களாக இருந்தார்கள். மே மாதம் வந்ததும் வெள்ளைக் கார்னேஷனின் விலை ஏறியது. பூ போதாமற் போனதும், தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூவும் தாயை இழந்தவர்கள் வெள்ளைப் பூவும் அணியலாம் என்று வியாபாரிகள் புது வழக்கத்தைப் பரப்பினார்கள். வாழ்த்து அட்டைக் கம்பனிகள் வந்தன. இனிப்புக் கடைகள் வந்தன. அன்னா கொதித்தார். அச்சடித்த அட்டையை வாங்கி அனுப்புவது, உலகத்தில் எவரையும்விட உனக்கு அதிகம் செய்த பெண்ணுக்குக் கடிதம் எழுதச் சோம்பல்படுகிறாய் என்பதற்கு அடையாளம் என்பது அவர் கருத்து. அம்மாவுக்கு இனிப்புப் பெட்டி கொண்டுபோகும் பிள்ளைகள் அதைத் தாங்களே தின்று முடிக்கிறார்கள் என்றும் அவர் குறைப்பட்டார். அவர் கேட்டது இரண்டே இரண்டு. தாயிடம் நேரில் போ. போக முடியாவிட்டால் உன் கையால் ஒரு கடிதம் எழுது.

1923இல் பிலடெல்பியாவில் நடந்த இனிப்பு வியாபாரிகளின் மாநாட்டுக்குள் புகுந்து கண்டித்தார். 1925இல், போரில் பிள்ளைகளை அனுப்பிய தாய்மாரின் சங்கம் ஒன்று கார்னேஷன் விற்று நிதி சேர்த்தபோது அங்கேயும் போய்க் குரல் எழுப்பினார். அமைதியைக் குலைத்ததாகப் பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். 1934இல் தாய்மாரைக் கௌரவித்து அரசாங்கம் வெளியிட்ட தபால் முத்திரையில் கார்னேஷன் பூச்சாடி இருந்ததும் அவருக்குப் பூக்கடை விளம்பரமாகவே தெரிந்தது. அந்த நாளின் பெயரைத் தன் சங்கத்தின் உரிமையாகக் கருதிய அவர் வழக்குக்கு மேல் வழக்குத் தொடுத்தார். தன் பணம் எல்லாம் அதில் கரைந்தது. இந்த நாளினால் அவர் ஒரு சதமும் சம்பாதிக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்னா சண்டை போட்டது வியாபாரிகளோடு மட்டுமல்ல. வறிய தாய்மாருக்காக அந்த நாளில் நிதி திரட்டிய தொண்டு அமைப்புகளையும் அதே கோபத்தோடு எதிர்த்தார். ஏன் என்று விளங்கிக்கொள்ள அந்த நாளின் பெயரைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அது தாய்மாரின் நாள் அல்ல, தாயின் நாள். ஒருமையில்தான் எழுத வேண்டும் என்பதில் அன்னா மிகப் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொருவரும் தன் தன் தாயை, அந்த ஒருத்தியை மட்டும், நினைக்கும் நாள் அது. ஊருக்காக உழைக்கும் நாள் அல்ல, வீட்டுக்குத் திரும்பும் நாள்.

ஆனால் அவருடைய தாய் நடத்தியவை எல்லாம் பன்மையில் இருந்தவை. தாய்மாரின் வேலைச் சங்கம், தாய்மாரின் நட்பு நாள். ஆன் ஜார்விஸ் தன் பிள்ளைகளை இழந்த துயரத்திலிருந்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தார். மகளோ தன் தாயை இழந்த துயரத்திலிருந்து அந்த ஒரு தாயையே பார்த்தார். வறிய தாய்மாருக்கு உதவ அந்த நாளைப் பயன்படுத்துவதை ஆன் ஜார்விஸ் எதிர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தாயின் நினைவைக் காக்கப் புறப்பட்ட மகள், தாயின் வேலையைச் சற்று மறந்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தமிழில் நாம் இந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயர் அன்னையர் தினம். பன்மை. அன்னா இதைக் கண்டிருந்தால் எங்களுக்கும் ஒரு கண்டனக் கடிதம் எழுதியிருப்பார். ஆனால் அந்தச் சொல் எங்கள் மண்ணில் வெறும் வாழ்த்துச் சொல்லாக இருந்ததில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களை விடுவிக்கக் கோரித் தெருவில் இறங்கிய பெண்கள் தங்கள் அமைப்புக்கு அன்னையர் முன்னணி என்று பெயர் வைத்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், கையில் படத்தோடு வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தவர்களில் பலர் தாய்மார். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டார்கள். அவர்களுக்குப் பூவும் அட்டையும் வருவதில்லை. ஆன் ஜார்விஸ் இருந்திருந்தால் அவர்களோடு போய் உட்கார்ந்திருப்பார்.

அன்னாவின் முடிவு துயரமானது. பார்வை மங்கியது. உடன்பிறந்த சகோதரியின் பார்வையும் மங்கியிருந்தது. 1940களின் தொடக்கத்தில் அவர் அன்னையர் தினத்தையே இரத்துச் செய்யக் கோரிக் கையெழுத்துச் சேகரித்தார். சிறிது காலத்தில் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டார். கையில் பணம் இல்லை. அந்தச் செலவின் ஒரு பகுதியை, வாழ்நாளெல்லாம் அவர் எதிர்த்த பூ வியாபாரத்திலும் அட்டை வியாபாரத்திலும் இருந்தவர்களே ஏற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. 1948 நவம்பர் 24ஆம் திகதி, 84 வயதில் காலமானார். பிலடெல்பியாவுக்கு அருகில் தாயின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கிராஃப்டனில் அந்தச் செங்கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1962இல் அது அன்னையர் தின நினைவாலயமாகப் பதிவானது. 1992இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

டெக்சாஸிலிருந்து அந்த ஊர் ஆயிரம் மைலுக்கும் அப்பால். நாம் அங்கே போக வேண்டியதில்லை. இந்த ஞாயிறு பூ வாங்குவதும் குற்றமில்லை. பிள்ளை வெட்டி ஒட்டிய அட்டையை அன்னாவே மறுக்கமாட்டார். அது கையால் செய்தது. ஆனால் எங்கள் வீடுகளில் பழைய பெட்டிகளுக்குள் இன்னும் சில நீல நிற வான்கடிதங்கள் இருக்கும். பாதை மூடியிருந்த காலத்தில், மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்தவை. மடிப்பு ஓரங்களிலும் இடம் விடாமல் அம்மா நெருக்கி எழுதியவை. கோழி அடைகாத்தது முதல் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சை முடிவு வரை அதில் இருக்கும். அவற்றில் எத்தனைக்கு நாம் பதில் எழுதினோம்?

காணொளி அழைப்பில் முகம் தெரிகிறது, நல்லதுதான். அழைப்பு முடிந்ததும் அது போய்விடுகிறது. கடிதத்தை அம்மா தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், இரவில் மீண்டும் எடுத்து வாசிக்கலாம். இந்த ஆண்டு ஒரு பக்கம் எழுதித் தபாலில் போடுவோம். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை அதன் அடியில் தமிழில் இரண்டு வரி எழுதட்டும், எழுத்துப் பிழையோடு என்றாலும் பரவாயில்லை. அது மகள் கேட்டது. மகனின் படத்தோடு காத்திருக்கும் ஏதோ ஒரு தாய்க்கு எம்மால் ஆனதைச் செய்வோம். அது தாய் கேட்டிருக்கக் கூடியது. இரண்டையும் செய்தால், ஒருமையில் பிறந்த நாளை நாம் பன்மையில் அழைப்பதற்கு ஒரு பொருள் இருக்கும்.